பழைய சைக்கிள் வாங்குமுன் எங்கெங்கே கை வைத்துப் பார்ப்பது?

கேள்வி: தாம்பரம் பக்கம் குடியிருக்கிறேன். வீட்டிலிருந்து ரயில் நிலையம் 4 கி.மீ. தினமும் போய்வர ஒரு பழைய சைக்கிள் போதும். தெரிந்தவர் ஒருவர் மூலமாக 21 கியரும் முன்பக்க சஸ்பென்ஷனும் உள்ள சைக்கிள் 6,000 ரூபாய்க்கு வருகிறது. 3 வருஷம் ஓடியதாம், பில் இல்லை. பக்கத்து சைக்கிள் கடையில் கியர் இல்லாத வண்டி ஒன்றை 2,500 சொல்கிறார்கள். எதை வாங்கலாம்? என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: டயர், டியூப், பிரேக் கட்டை, கேபிள், செயின் எல்லாம் தேய்வதற்கென்றே உள்ள சாமான்கள். அவை போயிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அவ்வளவுதான். ஃபிரேம், ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை), ஹப் (சக்கரத்தின் நடு உருளை), ரிம் ஆகிய நான்கில் சரிசெய்ய முடியாத கோளாறு இருந்தால் பேரமே வேண்டாம். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த வண்டி கடைசியில் புது வண்டி விலைக்கு வந்து நிற்கும்.

முதலில் ஃபிரேம். பெயின்ட் பளபளப்பாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். புதிதாக அடித்த பெயின்ட் என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். ஹேண்டில் தண்டு நுழையும் குழாயோடு கீழ்க்குழாய் சேருமிடத்தில், அடிப்பக்கமாக விரலை ஓட்டுங்கள். பெயின்ட் சுருங்கியோ, லேசாகப் புடைத்தோ இருந்தால் வண்டி முன்னால் எதிலோ பலமாக மோதியிருக்கிறது. அப்படி மோதும்போது ஃபோர்க்கும் பின்னோக்கி வளையும். பக்கவாட்டில் நின்று பார்த்தால், ஹேண்டில் குழாயின் கோட்டிலிருந்து ஃபோர்க் முன்பக்கமாக வந்திருக்க வேண்டும். உள்ளே மடங்கினாற்போல் தெரிந்தால் விட்டுவிடுங்கள். பெடல் அச்சு இருக்கும் பி.பி. கூடு, சீட் கிளாம்ப் இறுக்கும் இடம், பின்சக்கர அச்சு உட்காரும் காது ஆகிய மூன்றும் விரிசல் விடும் இடங்கள். வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போலத் துருக்கோடு தெரிந்தால் அது விரிசல்தான்.

ஃபிரேம் கோணலா என்று பார்க்க ஒரு நூல் போதும். பின்சக்கரக் காதில் ஒரு முனையைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி வந்து, மறுபக்கக் காதில் இழுத்துக் கட்டுங்கள். நடுவிலுள்ள சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பின்பக்கம் ஒருபுறமாக வளைந்திருக்கிறது.

உங்கள் பகுதியில் இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் புறநகர்ப் பகுதிகளில் எத்தனையோ சைக்கிள்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. சீட் போஸ்ட்டைக் கழற்றிவிட்டு வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஃபிரேமைத் தட்டுங்கள். துருப்பொடியோ சேறோ கொட்டினால் பி.பி.க்குள்ளும் ஹப்புக்குள்ளும் தண்ணீர் போயிருக்கலாம். சீட் போஸ்ட் அசையவே மாட்டேன் என்றால், துருப்பிடித்து இறுகிவிட்டது. உயரத்தைச் சரிசெய்ய முடியாத வண்டி உங்களுக்கு எதற்கு? போஸ்ட்டில் குறைந்தபட்சம் உள்ளே இருக்க வேண்டிய அளவுக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்துக்கு ஏற்றும்போது கோடு வெளியே வந்தால் ஃபிரேம் உங்களுக்குச் சின்னது.

அடுத்து சக்கரம். வண்டியைத் தூக்கிப் பிடித்துச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ரிம் இடவலமாக 2, 3 மி.மீ. ஆடினால் கோட்டம் எடுத்துவிடலாம். மேலும் கீழுமாகத் துள்ளினால் பள்ளத்தில் விழுந்து நசுங்கியது. அதை முழுசாகச் சரிசெய்ய முடியாது. போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பாருங்கள். பின்சக்கரத்தில் செயின் இருக்கும் பக்கக் கம்பிகள்தான் அதிகம் அறுகும். பிறகு ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லேசாக ஆடினால், ஹப் அச்சில் பால்ஸை (பேரிங் குண்டுகளை) அழுத்திப் பிடிக்கும் கோனை இறுக்கினால் போதும். சுற்றும்போது ஃபிரேமில் கை வைத்தால் கரகரவென்று தெரிகிறதா? பால்ஸும் கோனும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஹப்பின் உள்கப்பிலேயே குழி விழுந்திருந்தால் புது ஹப் போட்டு, எல்லாக் கம்பியையும் கழற்றித் திரும்பக் கோக்க வேண்டிவரும்.

டயரின் பக்கச்சுவரில் எழுதியுள்ள அளவைப் படியுங்கள். 26 x 1.95 டயரும் 26 x 1 3/8 டயரும் ஒன்றல்ல. ரிம் விட்டம் 559, 590 மி.மீ. என்று வேறுபடும். தெரியாமல் வாங்கி வந்தால் ஏறவே ஏறாது.

பெடல் மாட்டியிருக்கும் கையான கிராங்க்கைப் பிடித்து ஃபிரேமை நோக்கித் தள்ளி இழுங்கள். ஆடினால் பி.பி. தேய்ந்திருக்கிறது, அல்லது பழைய மாடலில் கிராங்க்கை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. அலுமினிய கிராங்க் என்றால் பெடல் மரையையும் பாருங்கள். இடது பெடலுக்கு எதிர்த்திசை மரை. அது தெரியாமல் யாராவது முறுக்கித் திணித்திருந்தால் மரை போயிருக்கும், பெடல் கோணலாகச் சுற்றும்.

கியர் வண்டியில் பணம் கரையும் இடம் செயினும் பல்சக்கரங்களும். செயினில் ஒரு பின்னின் நடுவே டேப்பின் தொடக்கத்தை வையுங்கள். 24 கண்ணி தள்ளியுள்ள பின் சரியாக 12 இஞ்சில் நிற்க வேண்டும். 1.5 மி.மீ. தள்ளிப் போயிருந்தால் செயின் மாற்ற வேண்டும். 3 மி.மீ. என்றால் ஃப்ரீவீலும் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) அதோடு சேர்ந்து தேய்ந்திருக்கும். விற்கிறவர் "புது செயின் போட்டிருக்கேன் சார்" என்றால் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். தேய்ந்த பல்லில் புது செயின் உட்காராது. அழுத்தி மிதித்தால் நழுவும். சின்னப் பல்சக்கரத்தில் போட்டு, மேம்பால ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் தெரிந்துவிடும். வண்டிக்குப் பின்னால் குனிந்து பாருங்கள்: டிரெய்லரின் (செயினைப் பல் மாற்றிப் போடும் டிரெய்லியர்) இரண்டு குட்டிச் சக்கரங்களும் மேலேயுள்ள பல்சக்கரத்தோடு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்திருந்தால் வண்டி வலப்பக்கம் விழுந்து, டிரெய்லர் மாட்டியிருக்கும் காது வளைந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் பெரிய பல்லுக்கு மாற்றும்போது டிரெய்லர் போக்ஸில் சிக்கும்.

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹேண்டில் கப்பில் (ஹேண்டில் தண்டின் பேரிங் உட்காரும் இடம்) விரல் வைத்தபடி செய்தால், ஆட்டம் அங்கேயா சஸ்பென்ஷன் குழாயிலா என்று தெரியும். கப்பை இறுக்கிக்கொள்ளலாம். மலிவு சஸ்பென்ஷன் ஆடினால் ரிப்பேருக்குச் செலவழிப்பது வீண்.

பில் இல்லை என்கிறீர்கள். பி.பி. கூட்டின் அடியில் ஃபிரேம் நம்பர் குத்தியிருக்கும். அதைச் சுரண்டியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின்படி 3 ஆண்டுவரை சிறை. நம்பர், தேதி, தொகை, விற்பவரின் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பள்ளி மாணவர்களுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா மிதிவண்டிகளும் விற்பனைக்கு வருவதுண்டு. அவற்றைத் தொட வேண்டாம். அது ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகக் கொடுத்தது.

உங்கள் தேவைக்கு 2,500 ரூபாய் வண்டியைத்தான் சொல்வோம், மேலே சொன்ன சோதனைகளில் தேறினால். தரை சமமான 4 கி.மீ.க்கு 21 கியர் வேலையே இல்லை. அதைவிட முக்கியம், ஸ்டேஷன் ஸ்டாண்ட். அங்கே வண்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்த்து நெருக்குவார்கள். டிரெய்லர் வளைவதும் கேபிள் பிய்வதும் அங்கேதான். கியர் இல்லாத வண்டியில் மாட்டிக்கொள்ள எதுவும் இல்லை. மட்கார்டும் கேரியரும் இருந்தால் மழைக்காலத்தில் சட்டை தப்பிக்கும். ரிம் இரும்பு என்றால் மட்டும் ஒன்று: நனைந்தால் பிரேக் பிடிக்க நேரமாகும், முன்கூட்டியே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கியதும் ஓவராயில் செய்யச் சொல்லுங்கள். இரண்டு ஹப், பி.பி., ஹேண்டில் கப் எல்லாவற்றையும் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி, பால்ஸை முழுசாக மாற்றி, கிரீஸ் போட வேண்டும். பழைய பால்ஸோடு நாலு புதுசைக் கலந்து போட விடாதீர்கள். அளவு மாறுவதால் பாரம் முழுக்கப் புதுசின்மேல் விழுந்து கப்பைக் குழியாக்கிவிடும். இந்த வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று கடையில் முன்னதாகவே கேட்டு வைத்துக்கொண்டு, அந்தத் தொகையைக் கழித்தே விலை பேசுங்கள்.