பூசணம் பிடித்த கடலையும் நானோ ஸ்ட்ரிப்பும்: கேள்வி பதில்

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். உணவு கெட்டதைக் காட்டும் நானோ துகள் சென்சார்களைப் பற்றி நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இவை.

பென்னாகரம்: ஒகேனக்கல் மீன் கெட்டுவிட்டதைத் தங்கத் துகள் எப்படி சார் காட்டும்?

சுமார் 20 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுள்ள தங்கத் துகள்கள் தண்ணீரில் தனித்தனியாக மிதக்கும்போது நிறம் சிவப்பு. மீன் கெடும்போது பாக்டீரியா புரதத்தை உடைத்து புட்ரெசின், கடாவரின் போன்ற அமீன்களை (நாற்றம் வீசும் வேதிப்பொருட்களை) உண்டாக்கும், அவை துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்தால் சிவப்பு நீலமாகிவிடும். ஆனால் உப்பு பட்டாலே இதே துகள்கள் ஒட்டிக்கொள்ளும். கருவாட்டில் நீலம் வந்தால் அதை நம்பாதீர்கள்.

காவேரிப்பட்டணம்: கார்பைடு வைத்த மாம்பழமா என்று பார்க்கலாமா?

அது கலப்படக் கேள்வி, என் விஷயம் இல்லை. கார்பைடுக்குத் தடை இருக்கிறது, எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை அனுமதி. உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள்.

அரூர்: கடலைக்காயில் பூசண நஞ்சு இருக்கிறதா என்று ஸ்ட்ரிப் (சோதனைப் பட்டை) போட்டேன், ஒரு கோடுதான் வந்தது. நல்லதுதானே அண்ணா?

இல்லை தம்பி, அந்தக் கடலையை யாருக்கும் கொடுக்காதீர்கள். கர்ப்பப் பரிசோதனை ஸ்ட்ரிப்பில் ஹார்மோன் இருந்தால் இரண்டாவது கோடு தோன்றும், இதில் தலைகீழ். ஸ்ட்ரிப்பில் ஓடும் தங்கத் துகளோடு ஒட்டிய ஆன்டிபாடியை (நஞ்சைப் பிடிக்கும் புரதத்தை) அஃப்ளடாக்சின் என்ற அந்தப் பூசண நஞ்சு முன்னாலேயே பிடித்துக்கொள்வதால் சோதனைக் கோடு மங்கும், நஞ்சு அதிகமானால் காணாமலே போகும். மேலே உள்ள கன்ட்ரோல் கோடு மட்டும் நிற்கும். அதுவும் வராவிட்டால் ஸ்ட்ரிப்பே பழுது.

அப்புறம், எல்லோருக்கும் சொல்கிறேன்: ஸ்ட்ரிப் பேசுவது நீங்கள் அரைத்த மாதிரியைப் பற்றி மட்டும்தான். ஒரு மூட்டையில் ஒருசில பருப்பிலேயே நஞ்சு மொத்தமும் இருக்கலாம். மேலாக ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்துவிட்டு மூட்டையே சுத்தம் என்று சொல்ல முடியாது. மேல், நடு, அடி என்று பல இடத்தில் எடுத்து, சேர்த்து அரைத்து, அதிலிருந்து எடுங்கள். கடலையில் இந்த நஞ்சுக்கு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் என்பது வரம்பு, கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத அளவு.

ஓசூர்: விலை என்ன? எங்கே கிடைக்கும்?

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விற்பனையாளரைக் கேளுங்கள்.

ஊத்தங்கரை: ஸ்ட்ரிப் என்ன விலை சார்?

ஓசூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பாலக்கோடு: எங்கள் செக்கு எண்ணெயில் நஞ்சே வராது.
மாரண்டஅள்ளி: வரும். ரீஃபைண்ட்தான் பாதுகாப்பு.

இரண்டு பேரும் ரொம்ப நேரமாக மல்லுக்கட்டுகிறீர்கள். இந்த நஞ்சு எண்ணெயில் அதிகம் கரையாது, ஆனால் வடிகட்டாத செக்கு எண்ணெயில் பருப்புத் தூளோடு கொஞ்சம் வந்துவிடும். ரீஃபைன் செய்யும்போது காரம் (அல்கலி) சேர்ப்பதால் பெரும்பாலும் போய்விடும். அதனால் செக்கு ஆட்டுபவர் கடலையை ஆய்ந்து, சுருங்கியதையும் பூசணம் பிடித்ததையும் பொறுக்கி எறிந்தே ஆக வேண்டும்.

இரண்டு பேருமே புண்ணாக்கை மறந்துவிட்டீர்கள், நஞ்சில் பெரும்பகுதி அங்கேதான் தங்குகிறது. மாடு தின்றால் அதன் ஈரல் அதை அஃப்ளடாக்சின் எம்1 என்ற வேறொரு நஞ்சாக மாற்றி ஒரு நாளுக்குள் பாலில் விடும். பாலுக்கு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். வீட்டில் குழந்தை அந்தப் பாலைத்தான் குடிக்கிறது, எண்ணெய்ச் சண்டையை விட எனக்கு இதுதான் கவலை.

பாப்பிரெட்டிப்பட்டி: பாலைக் காய்ச்சினால் போய்விடுமா?

போகாது அம்மா. அந்தப் புண்ணாக்கை நிறுத்துங்கள், சில நாளில் பாலில் குறைந்துவிடும். சந்தேகம் இருந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது, மாதிரியைக் கொடுங்கள். அதையும் மூட்டையின் பல இடத்திலிருந்து எடுத்துக் கொடுங்கள்.