சுவிஃப்டின் அங்கதம்: வறுமையைப் பற்றி எப்படி வாதாடுகிறது? – கேள்வி பதில்

வந்த கேள்விகள் அனைத்தும் அயர்லாந்து எழுத்தாளர் ஜோனதன் சுவிஃப்ட் 1729-ல் டப்ளினில் பெயர் போடாமல் வெளியிட்ட ‘எ மாடஸ்ட் புரொப்போசல்’ (ஓர் அடக்கமான யோசனை) பற்றியவை. அயர்லாந்தின் ஏழைகள் தங்கள் குழந்தைகளை ஒரு வயதானதும் பணக்காரர் வீட்டுச் சாப்பாட்டுக்கு விற்கலாம் என்று யோசனை சொல்லும் சிறுநூல் அது.

கே: இவ்வளவு கொடூரமான யோசனையைப் படித்ததும் யாரும் தூக்கி எறிய மாட்டார்களா?

எடுத்த எடுப்பில் யோசனையைச் சொல்வதில்லை. தெருவில் கந்தல் உடுத்திய பிள்ளைகளோடு பிச்சை எடுக்கும் தாய்மாரைக் காட்டி இரக்கத்தில் தொடங்குகிறது. அடுத்து கணக்கு. மக்கள்தொகை 15 லட்சம். பிள்ளை பெறும் தம்பதிகள் 2 லட்சம். வளர்க்க வசதியுள்ள 30,000 பேரைக் கழித்தால் 1,70,000. கருச்சிதைவும் முதலாண்டு மரணமுமாக 50,000 போனால், ஆண்டுக்கு 1,20,000 ஏழைக் குழந்தைகள். கழித்தல் சரியா என்று பார்க்கிற வாசகர், பேசுகிறவரை நம்பத் தொடங்கிவிடுகிறார். இதற்குள்ளேயே தாய்மாரைக் கால்நடைக்குரிய சொற்களால் குறிப்பிட்டும் ஆகிவிட்டது. அதன் பிறகுதான் இறைச்சிப் பேச்சு.

கே: லோகோஸ், ஈத்தோஸ், பேத்தோஸ் மூன்றுக்கும் உதாரணம் வேண்டும். நாளை மறுநாள் தேர்வு.

லோகோஸ் (தர்க்கத்தால் நம்பவைப்பது): வளர்ப்புச் செலவு 2 ஷில்லிங், விலை 10 ஷில்லிங், தாய்க்கு லாபம் 8. ஈத்தோஸ் (பேசுகிறவரின் நம்பகத்தன்மையால் நம்பவைப்பது): கடைசிப் பத்தி. தன் கடைக்குட்டிக்கு ஒன்பது வயது, மனைவிக்கு இனிப் பேறு கிடையாது, ஆகவே தனக்கு இதில் சல்லிக்காசு வராது என்கிறார். பேத்தோஸ் (உணர்ச்சியைத் தொட்டு நம்பவைப்பது): பிச்சை எடுக்கும் தாய்மாரின் அந்தத் தொடக்கக் காட்சி.

‘சுவிஃப்ட் வாதிடுகிறார்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வாதிடுவது அவர் படைத்த யோசனைக்காரர். இந்த இருவரையும் ஒருவராக்கினால் விடை முழுவதும் தடம் மாறிவிடும்.

கே: அப்படியானால் சுவிஃப்டின் சொந்தக் கருத்து எங்கே?

முடிவுக்குச் சற்று முன்னால், ‘வேறு வழிகளைப் பற்றி என்னிடம் பேசாதீர்கள்’ என்ற இடத்தில். அயர்லாந்துக்கு வெளியே இருந்துகொண்டு குத்தகைப் பணம் வாங்கும் நிலக்கிழார்களுக்கு பவுண்டுக்கு (20 ஷில்லிங்) 5 ஷில்லிங் வரி, உள்நாட்டுத் துணியும் சாமானும் மட்டுமே வாங்குவது, குத்தகைக்காரரிடம் கொஞ்சமாவது இரக்கம். உள்நாட்டுத் துணியைப் பற்றி அவர் 1720-லேயே பிரசுரம் எழுதினார். அச்சிட்டவர் மீது வழக்குப் பாய்ந்தது. நேராகச் சொன்னபோது காது கொடுக்காதவர்களுக்கு, அதே தீர்வுகளை மறுப்பதுபோல எழுதிக் காட்டுகிறார். நூலின் உயிர் அந்த ஒரு பத்திதான்.

கே: ஏழைகளையே கேலி செய்வதுபோல் இருக்கிறதே ஐயா?

யார் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். பெற்றோரை ஏற்கெனவே விழுங்கிவிட்ட நிலக்கிழார்களுக்குத்தான் பிள்ளைகள் மீதும் முதல் உரிமை என்று ஒரு வரி வருகிறது. அடி விழுவது அங்கே. ஏழைகளுக்குப் பேச ஒரு வாய்ப்பும் இல்லை, வெறும் எண்களாக வருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் நாட்டு மக்களை எண்களாக்கிப் பேசும் அன்றைய பொருளாதார எழுத்தே அப்படித்தான் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் வில்லியம் பெட்டி அயர்லாந்து மக்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று பண மதிப்பே போட்டார். அந்த நடையைத்தான் சுவிஃப்ட் தோலுரிக்கிறார்.

கே: வீட்டு வாடகை உயர்வு பற்றி இப்படி எழுத ஆசை. எதில் கவனம் வேண்டும்?

பேசுகிறவரை முதலில் முடிவு செய்யுங்கள்: அதிகாரி, ஆலோசகர், கட்டட முதலாளி. முதல் கால் பகுதியில் யோசனையைத் தொடாதீர்கள். தொகைகள் கூட்டினால் சரியாக வர வேண்டும். ஒன்று தப்பினாலும் வாசகர் வெளியே வந்துவிடுவார். ஆச்சரியக்குறி வேண்டாம். பலரும் சறுக்குவது நடுவில்: கோபம் பொறுக்காமல் சொந்தக் குரலில் திட்டிவிடுகிறார்கள், அதோடு பேசுகிறவர் செத்துப்போகிறார். உண்மையான தீர்வுகளை முக்கால் பகுதி தாண்டியதும் அவர் வாயாலேயே தள்ளுபடி செய்ய வையுங்கள். குடியிருப்பவரின் கஞ்சத்தனம், அழுக்கு என்று சிரிப்பு போகிறதா? அந்த வரிகளை எடுத்துவிடுங்கள்.