சொத்தையைச் சுரண்டிய பல்லில் எதை அடைப்பது?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. கடைவாய்ப் பல்லில் சொத்தை. டாக்டர் மெஷினையே எடுக்கவில்லை. ஏதோ ஜெல் தடவி, குட்டிக் கரண்டி போன்ற ஒன்றால் சுரண்டிவிட்டு வெள்ளை சிமென்ட் வைத்து மூடினார். குழியின் அடியில் பழுப்பாக இருந்ததை நானே பார்த்தேன். 'அது இருக்கட்டும்' என்றார். சொத்தையை உள்ளே விட்டு மூடலாமா? பல் நிறப் பிசினால் அடைக்கும் காம்போசிட்தான் நல்லது என்கிறாள் என் தங்கை.

பதில்: அந்தப் பழுப்பைப் பார்த்துப் பதற வேண்டாம். நான் மாணவனாக இருந்தபோது துளி கறை மிச்சம் இருந்தாலும் திட்டு விழும். கறை போகும்வரை குடைவோம், நரம்பு தெரிந்துவிடும், அப்புறம் வேர் சிகிச்சை! இப்போது நிறத்தை நம்புவதில்லை, கை உணர்வைத்தான் நம்புகிறோம். ஈர மாவு போல வழித்துக்கொண்டு வருவது கெட்டுப்போன பகுதி, அதை எடுத்தே ஆக வேண்டும். தோல் போல இழுபடுவதை, நரம்புக்கு அருகில் இருந்தால் விட்டுவைக்கலாம். ஆனால் குழியின் ஓரம் முழுக்கக் கெட்டியாக, சுத்தமாக இருக்க வேண்டும். அடைப்பு பிடித்து நிற்பதே அங்கேதான். ஓரம் இறுக மூடியிருந்தால் உள்ளே மிஞ்சிய கிருமிக்குச் சாப்பாடு போகாது.

வெள்ளை சிமென்ட் என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் கிளாஸ் அயனோமராக இருக்கும். கண்ணாடித் தூளையும் ஒருவகை அமிலத்தையும் குழைத்தால் சில நிமிடங்களில் இறுகிவிடும். பசை தடவாமலே பல்லோடு ஒட்டும், ஃப்ளூரைடும் கசியவிடும். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் சமாளிக்கும்.

காம்போசிட் அப்படியில்லை. அமிலம் தடவி, கழுவி, பசை பூசி, 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நீல விளக்கு காட்ட வேண்டும். இடையில் எச்சில் பட்டால் போச்சு. ஏழு வயதுப் பையன் அவ்வளவு நேரம் வாயைத் திறந்தபடி நாக்கை அசைக்காமல் இருப்பானா? என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். உங்கள் தங்கை சொல்வதும் தவறில்லை. காம்போசிட் பலமானது, தேய்மானம் குறைவு. ஆனால் நனைந்த பல்லில் வைத்த காம்போசிட்டைவிட நன்றாக ஒட்டிய சிமென்ட்டே மேல்.

ஒன்று மட்டும் பாருங்கள். நடுக்கோட்டிலிருந்து பின்பக்கமாக எண்ணுங்கள். நான்காவது, ஐந்தாவது என்றால் பால் பல்லாகத்தான் இருக்கும். பத்து, பன்னிரண்டு வயதில் விழுந்துவிடும், சிமென்ட் போதும். ஆறாவது என்றால் அது நிரந்தரப் பல், ஆயுசுக்கும் வேண்டியது. பால் பல் என்று நினைத்து அதைக் கோட்டைவிடும் பெற்றோர் ஏராளம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். சிமென்ட் தேய்ந்தால் பையன் வளர்ந்தபின் மேலே காம்போசிட் வைக்கலாம். குழி இரண்டு பற்களுக்கு நடுவே என்றால் சிமென்ட் சீக்கிரம் உடையும். பால் பல்லாக இருந்தால், பல்லை முழுதாக மூடும் ஸ்டீல் கேப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது. பழைய வெள்ளி அடைப்பில் பாதரசம் இருக்கிறதாமே, எடுத்துவிடட்டுமா?

பதில்: ஏறக்குறைய பாதி பாதரசம்தான். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் நாடுகள் ஏற்ற மினமாட்டா ஒப்பந்தத்துக்குப் பிறகு வெள்ளி அடைப்பின் பயன்பாடு குறைந்து வருகிறது. ஆனால் உடையாமல், ஓரம் விடாமல் இருக்கும் அடைப்பைத் தோண்டினால், சும்மா இருப்பதைவிட அதிக ஆவி அப்போதுதான் வரும். நல்ல பல்லும் கொஞ்சம் போகும். விட்டுவிடுங்கள்.