இரண்டு குட்டியும் என் பேச்சைக் கேட்பதே இல்லை!

கேள்வி: ஆலைப் பக்கம் ஒரு நாய் போட்ட குட்டிகளில் இரண்டை என் கணவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டும் ஆண், மூன்று மாதம் ஆகப்போகிறது. பிள்ளைகள் டைகர், டைசன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஒன்றைக் கூப்பிட்டால் இரண்டும் ஓடிவரும், இல்லையென்றால் இரண்டும் வராது. சேர்த்து உட்கார வைத்துப் பழக்கினால் காதைக் கடித்துக்கொண்டு உருளுகின்றன. டைசனை மட்டும் ஊசி போடக் கொண்டுபோனால் வழியெல்லாம் அழுகை, வீட்டில் டைகர் ஊளை. ஒன்றை யாருக்காவது கொடுத்துவிடலாமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: உங்கள் குட்டிகள் மக்கு இல்லை, சகோதரி. இப்போதைக்கு அவற்றுக்கு நீங்கள் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். கூடப் பிறந்தது ராப்பகலாகப் பக்கத்திலேயே இருந்தால் விளையாட்டு, கதகதப்பு, தைரியம் எல்லாம் அதனிடமே கிடைத்துவிடுகிறது. சோறு வைக்கிற ஆள் என்பதைத் தாண்டி உங்கள் முகத்தைப் பார்க்க என்ன இருக்கிறது? நாய் பழக்குகிறவர்கள் இதை ‘லிட்டர்மேட் சிண்ட்ரோம்’ என்பார்கள். அது டாக்டர் எழுதிக்கொடுக்கிற நோய் ஒன்றும் இல்லை, எல்லா ஜோடிக்கும் வரும் என்றும் இல்லை. ஆனால் ஒன்றில்லாமல் இன்னொன்று கதறுகிறது என்கிறீர்களே, அதை வளரவிடக் கூடாது.

முதலில் ஒரு பேரை மாற்றுங்கள். நீங்கள் ‘டை’ என்று வாயைத் திறந்ததுமே இரண்டும் காதைத் தூக்கிவிடும், பாவம், அவை என்ன செய்யும்? ஒன்று டைகராகவே இருக்கட்டும், மற்றது மணியோ ராஜாவோ ஆகட்டும். இந்த வயதில் புதுப்பேர் சீக்கிரம் பழகிவிடும். அப்புறம் வீட்டில் ஆளுக்கொரு சொல் வேண்டாம். பாட்டி ‘ஒக்காரு’, பையன் ‘சிட்’ என்றால் குட்டிக்கு அது இரண்டு பாடம்.

பழக்குவது தனித்தனியாகத்தான். ஒன்றைப் பின்கட்டில் கடிக்க ஏதாவது கொடுத்து விட்டுக் கதவைச் சாத்துங்கள் (வெந்த கோழி எலும்பு மட்டும் வேண்டாம், சில்லாக உடைந்து தொண்டையில் குத்தும்). மற்றதை முன்வாசலுக்குக் கூட்டிவாருங்கள். உப்பில்லாமல் அவித்த கோழியைச் சுண்டுவிரல் நகம் அளவு கிள்ளி, மூக்கருகே காட்டி, மெல்லத் தலைக்கு மேலே பின்னால் நகர்த்துங்கள். தலை அண்ணாந்தால் பின்பக்கம் தானாகத் தரையில் படும். பட்ட நொடியே துண்டு வாய்க்குப் போக வேண்டும். ஐந்து நிமிடம் போதும், அப்புறம் ஆளை மாற்றுங்கள். உள்ளே இருப்பது கத்தும்தான். ஆரம்பத்தில் கத்தத் தொடங்குமுன்பே, ஒரு நிமிடத்திலேயே கதவைத் திறந்துவிடுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். ரொம்பக் கலங்கினால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கப் பழகிய பிறகுதான் இரண்டையும் சேர்த்து நிறுத்திப் பேர் சொல்லி, கட்டளை சொல்ல வேண்டும். சாப்பாட்டுத் தட்டும் வேறு வேறு மூலையில். படுக்கைப் பெட்டிகளை முதலில் ஒட்டி வைத்து, ஒரு சாண் ஒரு சாணாகத் தள்ளிக்கொண்டே போங்கள்.

நேரம் குறைவாக இருப்பது வேறொரு விஷயத்துக்கு. புது ஆள், புதுச் சத்தம், புது இடம் எதையும் பயமில்லாமல் ஏற்கிற பருவம் 14 வாரத்தை ஒட்டி முடியத் தொடங்கும். தடுப்பூசியோ 16 வாரம் வரை போகும். ஊசி முடியட்டும் என்று வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் அந்தப் பருவம் போய்விடும், தெரு நாய் திரிகிற இடத்தில் தரையில் விட்டால் பார்வோ என்கிற கொடிய வைரஸ் நோய் தொற்றலாம். அதனால் தூக்கிக்கொண்டு போங்கள். ஒன்று உங்களோடு பாசார் மாலாம் (இரவுச் சந்தை) ஓரம் வரைக்கும், கூட்டத்துக்குள் வேண்டாம். இன்னொன்று கணவரோடு செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லோரி சத்தம் கேட்கிற இடத்துக்கு. அடுத்த தடவை குட்டிகளை மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒன்று அவர் நாய், ஒன்று உங்கள் நாய் என்று ஆகிவிடும்.

கூப்பிட்டால் வருவதை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். வளர்ந்த இரண்டு நாய்கள் சேர்ந்து செம்பனைக்குள் ஓடினால் ஒன்றுக்கொன்று தைரியம்; உள்ளே பாம்பும் உண்டு, எலி மருந்தும் உண்டு.

கொடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக நேரம் ஒதுக்க வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். எல்லாம் உங்கள் தலையில்தான் என்றால் ஒன்றை நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பதில் பாவம் ஒன்றும் இல்லை, பிள்ளைகள் அழுதாலும் சரி. கொடுப்பதென்றால் இப்போதே கொடுங்கள், ஒரு வயதுக்குப் பிறகு பிரித்தால் இரண்டும் தவிக்கும்.

வைத்துக்கொள்வதென்றால், இரண்டு ஆண் நாய்கள் வயசுக்கு வந்ததும் முறைத்துக்கொள்ளலாம் என்பதால் காயடிப்பது பற்றி ஊசி போடுகிற டாக்டரிடமே பேசிவிடுங்கள். நாய் லைசென்ஸ் எடுக்கப் போகும்போது உங்கள் மாதிரி வீட்டில் எத்தனை நாய் வைக்கலாம் என்றும் கேளுங்கள், அது ஊராட்சி மன்றத்துக்கு மன்றம் மாறும்.