மும்பையில் ஆறு மாதச் சான்றிதழ் படிப்பை முடித்தால் அக்குபங்சர் செய்யலாமா?

தாராவியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள், மாட்டுங்காவில் இருந்து சொல்கிறேன்: போதாது. சீனாவில் இது ஐந்து ஆண்டுப் பட்டப் படிப்பு, அதில் உடற்கூறியலும் நவீன மருத்துவமும் சேர்ந்தே வரும். உலக சுகாதார அமைப்பின் பட்டியலில் உள்ள, உடலில் ஊசி குத்தும் 361 புள்ளிகளை மனப்பாடம் செய்துவிடலாம், ஆனால் மார்பில் ஊசி கொஞ்சம் ஆழமாகப் போனால் நுரையீரலே ஓட்டையாகும், அதனால்தான் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வு என்று கைப்பழக்கமாக வரும்வரை குரு பக்கத்தில் நிற்க வேண்டும்.

தத்துவம்தான் சுவாரசியம். 'சீ' என்ற உயிராற்றல் உடலில் உள்ள பாதைகளில் ஓடுகிறது, அது தேங்கினால் நோய், ஊசி அந்தத் தேக்கத்தைத் திறக்கிறது என்பது சீன மருத்துவர்கள் பார்வை. அவர்கள் சொல்லும் ஐந்து மூலகம் என்றதும் நம் பஞ்சபூதம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே காற்றும் ஆகாயமும் இல்லை, மரமும் உலோகமும் இருக்கின்றன. நாடி மட்டும் நம் சித்த வைத்தியர் மாதிரியே மூன்று விரல் வைத்துப் பார்ப்பார்கள். ஒரே தலைவலிக்கு இரண்டு பேருக்கு வேறு வேறு புள்ளி போடுவது, நாடியில் தெரிவது ஆளுக்கு ஆள் மாறுவதால்தான். இந்தச் 'சீ'யை யாரும் கருவியில் அளந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், மகாராஷ்டிரத்தில் அக்குபங்சருக்கென்றே 2015-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, தனி கவுன்சிலும் உண்டு. பணம் கட்டும் முன் அந்தப் படிப்பை வைத்து அங்கே பதிவு செய்ய முடியுமா என்று நேரில் கேளுங்கள்.