திறக்காத பழைய அறிக்கைகள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் பங்குத் தொகை, நூல் இருப்பு, கூலிக் கணக்கு ஆகியவை பல ஆண்டுகளாக மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற மென்பொருளில் அமைத்த தரவுத்தளத்தில் உள்ளன. எனக்கு முன்பிருந்த கணக்கர் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31 நிலவரத்தை அறிக்கையாக எடுத்து, 'எஸ்என்பி' என்று முடியும் கோப்பாகச் சேமித்து வைத்திருக்கிறார். புதிய கணினியில் அவை திறக்கவில்லை. கணினி பராமரிப்பவரோ, "தரவுத்தளம் இருக்கிறதே, அறிக்கையை மறுபடி எடுத்துக்கொள்ளலாம், பழைய கோப்புகள் தேவையில்லை" என்கிறார். அண்மையில் பிடிஎஃப் ஆக எடுத்த அறிக்கைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. திரையில் பெயர்கள் நன்றாகத் தெரிகின்றன, தேடினால் கிடைப்பதில்லை. கோப்புகளைத் திறந்து பார்க்க நல்ல வியூவர் மென்பொருள் ஒன்றைச் சொல்ல முடியுமா?

ஒரு வாசகர், ஆரணி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு வேண்டுகோள். அந்தக் கோப்புகளில் ஒன்றைக்கூட அழிக்க அனுமதிக்காதீர்கள். மறுபடி எடுத்தால் கிடைப்பது வேறோர் அறிக்கை.

தரவுத்தளம் என்பது மாறிக்கொண்டே இருப்பது. எடுத்துக்காட்டாக, 2004 மார்ச் இறுதியில் ஓர் உறுப்பினருக்கு இருந்த பங்குத் தொகை பின்னர் கூடியிருக்கலாம். அவர் இறந்து, பங்கு வாரிசின் பெயருக்கு மாறியிருக்கலாம். பழைய பதிவு ஒன்றை யாரேனும் திருத்தியும் இருக்கலாம். ஒவ்வொரு வரவும் பற்றும் தேதியோடு தனி வரிசையாகப் பதிவாகியிருந்தால் மட்டுமே பழைய நாளின் நிலுவையைக் கூட்டிக் கழித்து மீட்க முடியும். சிறிய அலுவலகங்களில் உருவான தரவுத்தளங்கள் பலவற்றில் 'தற்போதைய நிலுவை' என்ற ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். புதிய தொகை வந்தால் அது பழையதன்மேல் எழுதப்பட்டு, பழையது மறைந்துவிடும். உங்கள் தரவுத்தளமும் அப்படிப்பட்டதாக இருந்தால், 2004இன் கணக்குக்குக் கணினியில் எஞ்சியிருக்கும் சாட்சி அந்த எஸ்என்பி கோப்புதான்.

இதில் இன்னொரு அபாயமும் உண்டு. அறிக்கையின் தலைப்பில் 'மார்ச் 31 நிலவரம்' என்று ஆண்டோடு தட்டச்சு செய்யப்பட்டிருந்தால் அது வெறும் எழுத்து, அதற்கும் கீழே வரும் எண்களுக்கும் தொடர்பு கிடையாது. அந்த அறிக்கையை இன்று திறந்தால் பழைய தேதியின் கீழே இன்றைய எண்கள் அமைதியாக வந்து அமர்ந்துகொள்ளும். பக்கத்தின் அடியில் அச்சாகும் நாளும் நேரமுமே உண்மையைச் சொல்லும். அறிக்கையைப் படிப்படியாக அமைத்துத் தரும் ஆக்சஸின் ரிப்போர்ட் விசார்ட், அந்த நேரத்தைத் தரும் 'நௌ' என்ற சார்பை அங்கே வைக்கிறது. அறிக்கை எப்போது ஓடியதோ அந்த நேரத்தை அது காட்டும், சேமித்த கோப்பில் அந்த நேரத்திலேயே உறைந்துவிடும். மறுபடி எடுத்த அறிக்கையைத் தணிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முன், கணினி பராமரிப்பவரை உங்களோடு உட்கார வைத்து அந்த அடிவரியைக் காட்டுங்கள்.

இனி, கோப்புகளைத் திறக்கும் வழி. எஸ்என்பி என்பது ஆக்சஸ் 97 காலத்தில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த 'ஸ்னாப்ஷாட்' வடிவம். ஆக்சஸ் இல்லாதவரும் அறிக்கையைப் பார்க்கட்டும் என்ற நல்ல நோக்கத்தில், ஒவ்வொரு பக்கத்தையும் விண்டோஸ் மெட்டாஃபைல் படமாக மாற்றிச் சுருக்கி ஒரே கோப்பில் அடைத்தார்கள். பார்ப்பதற்கு ஸ்னாப்ஷாட் வியூவர் என்ற இலவச மென்பொருளையும் கொடுத்தார்கள். 2008இல் அந்த வியூவரின் ஆக்டிவ்எக்ஸ் பகுதியில், அதாவது உலாவிக்குள் இயங்கும் பகுதியில், பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. ஒரு வலைப்பக்கத்தைத் திறப்பதன் மூலமே பயனரின் கணினியில் தீய கோப்பை இறக்கிவிட அது இடம் கொடுத்தது. பிறகு ஆக்சஸ் 2010இலிருந்து இந்த வடிவத்தில் சேமிக்கும் வசதியே நீக்கப்பட்டது. பார்ப்பதற்கு ஒரே நிறுவனத்தின் ஒரே மென்பொருளை நம்பிய வடிவம், அந்த நிறுவனம் விலகியதும் அனாதையாகிவிட்டது.

ஆகவே இணையத்தில் எங்கோ கிடைக்கும் பெயர் தெரியாத 'எஸ்என்பி வியூவர்' எதையும் இறக்காதீர்கள். சங்கத்திலோ தெரிந்த அலுவலகத்திலோ ஆக்சஸ் 2000 அல்லது 2003 நிறுவப்பட்ட பழைய கணினி இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் வியூவரும் அதிலேயே இருக்கும். அதை இணையத்தோடு இணைக்காமல், பென் டிரைவில் கோப்புகளின் நகலை மட்டும் கொண்டுபோய், ஒவ்வொன்றையும் திறந்து, பிடிஎஃப் பிரிண்டர் (தாளில் அச்சிடாமல் பிடிஎஃப் கோப்பாகச் சேமிக்கும் மென்பொருள்) ஒன்றின் வழியே அச்சிட்டுக்கொள்ளுங்கள். அதே கணினியில் பழைய தமிழ் எழுத்துருவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கம் திறக்கும், ஆனால் பெயர்களின் இடத்தில் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். எஸ்என்பி கோப்பு எழுத்துருவின் பெயரைத்தான் சுமக்கிறது, எழுத்துருவையே சுமப்பதில்லை.

உங்கள் தேடல் சிக்கலுக்கும் இங்கேதான் வேர் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் 'தமிழ்' என்று நமக்குத் தெரிவது, கணினிக்கு ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்ற வரிசை மட்டுமே. அந்தத் தரவிலிருந்து பிடிஎஃப் எடுத்தால் கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்கு ஆங்கிலக் குப்பை. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியாக்கமான யூனிகோடில் தட்டச்சு செய்த தரவிலும் வேறு வகைச் சிக்கல் உண்டு. பிடிஎஃப் கோப்பு அடிப்படையில், எந்த எழுத்து வடிவம் பக்கத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்ற குறிப்பே. 'கோவிந்தன்' என்ற பெயரின் முதல் எழுத்து இரட்டைக் கொம்பு, க, கால் என்ற மூன்று வடிவங்களாகப் பிரிந்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அங்கே பதிவாகலாம். யூனிகோடிலோ க முதலில் வரும், ஓகாரக் குறி அதைத் தொடரும். இவ்விரண்டையும் பொருத்தும் அட்டவணையைக் கோப்பை உருவாக்கும் மென்பொருள் சரியாக எழுதாவிட்டால், எந்த வியூவராலும் அந்தப் பெயரை நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியாது. அக்ரோபேட் ரீடரோ ஓகுலரோ சுமத்ராவோ ஃபயர்ஃபாக்ஸ் உலாவியோ, திரையில் படிப்பதற்கு எல்லாமே போதுமானவை. நீங்கள் மாற்ற வேண்டியது கோப்பு உருவாகும் இடத்தை.

அதற்கு, யூனிகோடில் உள்ள அறிக்கையை பிரிண்டர் வழியே அச்சிட்டு பிடிஎஃப் ஆக்குவதை விடுத்து, ஆக்சஸின் எக்ஸ்போர்ட் கட்டளையால் எடுங்கள். விருப்பங்களில் பிடிஎஃப்/ஏ என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2005இல் ஐஎஸ்ஓ 19005 என்ற எண்ணில் தரமாக்கப்பட்ட இவ்வடிவம் நெடுங்காலப் பாதுகாப்புக்கானது. எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும் என்பது அதன் கட்டாய விதி. எடுத்து முடித்ததும், கொம்பும் காலும் கலந்த பெயர்கள் சிலவற்றைத் தேடிப் பாருங்கள், ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டியும் பாருங்கள். சரியாக வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால் தேடலை பிடிஎஃப்பிடம் எதிர்பார்க்காமல், அறிக்கைக்கு அடிப்படையான குவரியின் (தரவுத்தளத்திலிருந்து தரவைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி) விடையை, யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) கோப்பாக எடுத்து அதே பெயரில் பக்கத்தில் வையுங்கள். பாமினியில் உள்ள பழைய தரவை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றிய பின் இதைச் செய்யலாம். பக்கத்தைப் பார்ப்பதற்கு பிடிஎஃப், தேடவும் கூட்டிப் பார்க்கவும் சிஎஸ்வி என்று இரண்டையும் சேர்த்தே வைப்பதுதான் என் பரிந்துரை. ஒன்றில் ஐயம் வந்தால் மற்றதோடு ஒப்பிடலாம் என்பது கூடுதல் பயன்.

திரையில் படிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். நீண்ட பெயர்கள் கட்டத்துக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்படுகின்றனவா? எழுத்துக்கேற்பக் கட்டத்தை நீள விடும் 'கேன் க்ரோ' என்ற பண்பு அணைந்திருந்தால் அப்படி நேரும். வியூவரில் எவ்வளவு பெரிதாக்கினாலும் வெட்டுப்பட்ட எழுத்து திரும்பி வராது, அது கோப்புக்குள்ளேயே இல்லை. தந்தை பெயர், ஊர் என எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதும் நம் உறுப்பினர் பட்டியலில் இது அடிக்கடி நேர்வது. ஒரே பெயருடைய இருவரைப் பிரித்துக் காட்டும் பகுதிதான் பெரும்பாலும் வெட்டுப்படுகிறது, அதனால் பணம் ஆள் மாறிப் போகவும் இடம் உண்டு.

உங்களிடமுள்ள ஆக்சஸ் தரவுத்தளமே 97 வடிவில் இருந்தால், ஆக்சஸ் 2013உம் அதற்குப் பிந்தைய பதிப்புகளும் அதைத் திறக்கா. பழைய கணினி கிடைக்கும்போது அதையும் புதிய வடிவுக்கு மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். கோப்புகளை மாற்றும் வேலையை மிகப் பழைய ஆண்டிலிருந்து தொடங்குங்கள். அந்த உறுப்பினர்களின் கைப்பிரதிப் பாஸ்புத்தகங்கள்தான் இப்போது கிடைக்க அரிதானவை. மாற்றிய பிறகும் மூல எஸ்என்பி கோப்புகளைத் தனிக் கோப்புறையில் வைத்து, எந்தக் கணினியில், எந்த நாளில், யார் மாற்றினார் என்ற குறிப்பையும் அங்கேயே எழுதி வையுங்கள்.

அன்புடன்.