அக்காவிடம் கேளுங்கள்: வீட்டில் துப்பாக்கி, கூடவே குழந்தை

(டெக்சாஸில் குழந்தைகள் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக வேலை பார்க்கும் நம் வாசகி, அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

அக்கா, எங்கள் பக்கத்தில் இந்தியர் வீடுகளில் நகை திருட்டு நடந்ததிலிருந்து என் கணவருக்குப் பயம். கைத்துப்பாக்கி ஒன்று வாங்கி, க்ளோசெட்டின் மேல்தட்டில் பட்டுப்புடவைப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். "தொடக்கூடாதுன்னு பாப்பாகிட்ட சொல்லிட்டேன், அவ கேட்டுப்பா" என்கிறார். மகளுக்கு 4 வயது. இன்னும் நன்றாகப் புரியும்படி எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
– பெயர் வேண்டாம், பிரிஸ்கோ

சொல்லிக் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் பூட்டுங்கள் தங்கச்சி. பூட்டாமல் பாடம் மட்டும் நடத்தினால், வீட்டின் பாதுகாப்பை 4 வயதுப் பிள்ளையின் தலையில் கட்டியதாகத்தான் அர்த்தம்.

மேல்தட்டு என்பது ஒளிப்பிடமே இல்லை. தீபாவளிக்கு ஒளித்து வைத்த இனிப்பு டப்பாவை உங்கள் மகள் கண்டுபிடிக்காமலா இருந்தாள்? துப்பாக்கி உள்ள வீடுகளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாக விசாரித்த ஆய்வு ஒன்று இங்கே 2006-இல் வெளியானது. "எங்கே இருக்கிறது என்று என் பிள்ளைக்குத் தெரியாது" என்று சொன்ன பெற்றோரில் மூன்றில் ஒருவருக்கு மேற்பட்டோரின் பேச்சைப் பிள்ளைகளே பொய்யாக்கினார்கள். அவர்களுக்கு இடம் தெரிந்திருந்தது.

"சின்னக் கை, விசையை இழுக்கப் பலம் இருக்காது" என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். பெரியவர்கள் பிடிப்பது போலக் குழந்தைகள் பிடிப்பதில்லை. துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு கையாலும் பிடியைப் பற்றிக்கொண்டு, கட்டைவிரல்களால் விசையை அழுத்துவார்கள். குழல் அப்போது எந்தப் பக்கம் பார்க்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் பிரிவுக்கு வரும் சின்னப் பிள்ளைகளின் காயங்களில் முகமும் மார்பும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று, "மகசீனைக் கழற்றித்தான் வைத்திருக்கிறேன்" என்பார் (தோட்டாக்களை அடுக்கி வைக்கும், கழற்றக்கூடிய உறைதான் மகசீன்). மகசீனைக் கழற்றினாலும் சேம்பருக்குள், அதாவது குழலின் அடியில் சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் அறைக்குள், ஏற்கெனவே ஏறிய தோட்டா அங்கேயேதான் இருக்கும். பல மாடல்களில் மகசீன் இல்லாமலும் அது வெடிக்கும். ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியை) பின்னால் இழுத்து, கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்த்த பிறகே காலி என்று சொல்லலாம்.

உரிமம் பெற்ற கடையில் வாங்கியிருந்தால் கைத்துப்பாக்கியோடு பூட்டு ஒன்றும் கொடுத்திருப்பார்கள். மத்திய சட்டமே அப்படித்தான். பெரும்பாலும் அது துப்பாக்கிக்குள் கம்பியை நுழைத்துப் பூட்டும் கேபிள் பூட்டாக இருக்கும், பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு துப்பாக்கி வந்த பெட்டியிலேயே கிடக்கும், தேடிப் பாருங்கள். அது போதாது என்பது என் கருத்து. எண் போட்டோ கைரேகை வைத்தோ திறக்கும் சின்ன இரும்பு லாக்கர் ஒன்று வாங்கித் தரையோடு போல்ட் போடச் சொல்லுங்கள். துப்பாக்கி தோட்டா இல்லாமல் அதற்குள், தோட்டா தனியாக வேறொரு பூட்டுக்குள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியே இல்லாமல் இருப்பதுதான் நல்லது, இருந்தே ஆகவேண்டுமென்றால் இப்படித்தான் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அகாடமியும் சொல்கிறது. அப்புறம், லாக்கருக்குப் பாப்பாவின் பிறந்தநாளை எண்ணாக வைக்காதீர்கள். வீட்டிலுள்ள ஐபேட், போன் எல்லாவற்றுக்கும் அதுதானே பாஸ்வேர்ட், அவளுக்கே தெரியும்!

அவர் முரண்டு பிடித்தால் சட்டத்தையும் சொல்லுங்கள். டெக்சாஸில், சுடத் தயாராக உள்ள துப்பாக்கி 17 வயதுக்கு உட்பட்டவர் கையில் சிக்கும்படி அலட்சியமாக விடுவது குற்றம். இதைச் சொல்லும் எச்சரிக்கைப் பலகையைத் துப்பாக்கிக் கடைகள் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். அவரும் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார். திருடனுக்குப் பயந்தால் நகையை வங்கி லாக்கரில் வைக்கலாமே!

சரி, இனி பாடம். "நில், தொடாதே, ஓடிவிடு, பெரியவரிடம் சொல்" என்ற நாலு வார்த்தைப் பாடத்தை இங்கே துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுக்கும் தேசிய ரைபிள் சங்கம் 1988 முதல் ஒரு கழுகுப் பொம்மையை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறது. வாசகம் நல்ல வாசகம்தான். ஆனால் ஒப்பிப்பது வேறு, செய்வது வேறு. ஓர் ஆய்வில் 8 முதல் 12 வயதுப் பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டு, மேஜை டிராயரில் வெடிக்காதபடி செய்த நிஜத் துப்பாக்கியை வைத்து, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கவனித்தார்கள். கண்டுபிடித்தவர்களில் பாதிக்கு மேல் கையில் எடுத்தார்கள். கண்டுபிடித்தவர்களில் மூன்றில் ஒருவன் விசையையும் இழுத்தான். துப்பாக்கியைத் தொடாதே என்று முன்பே பாடம் கேட்ட பிள்ளைகள்தான் அவர்களில் பெரும்பாலோர். இந்த ஆய்வு 2001-இல் வெளியானது.

அதனால் நடித்துக் காட்டிப் பழக்குங்கள். ஒரு பொம்மைத் துப்பாக்கியை சோபாவில் வையுங்கள். பாப்பா அறைக்குள் வருகிறாள், பார்க்கிறாள், நிற்கிறாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறாள், வெளியே ஓடிவந்து உங்களிடம் சொல்கிறாள். முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள், பிறகு அவள். சரியாகச் செய்தால் கட்டிப்பிடித்து "என் தங்கம்" என்று கொஞ்சுங்கள். சில நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் துணி மடிக்கும் கூடைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையில் எடுத்தால் திட்டாமல், அப்போதே அங்கேயே திரும்பச் செய்ய வையுங்கள். ஆராய்ச்சிகளில் ஓரளவு பலித்த முறை இதுதான். அதுவும் எல்லாப் பிள்ளைகளிடமும் பலிக்கவில்லை, அதனால்தான் பூட்டை முதலில் சொன்னேன்.

அவள் தமிழில் சொன்னாலும் ஆங்கிலத்தில் சொன்னாலும், நீங்கள் ஜூம் மீட்டிங்கில் இருந்தாலும், உடனே எழுந்து போக வேண்டும். "இரு, அம்மா வேலையா இருக்கேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த முறை அவள் வரமாட்டாள்.

மகனுக்கு 7 வயது. வகுப்புத் தோழன் வீட்டுக்கு விளையாடக் கூப்பிடுகிறார்கள். அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? தப்பாக எடுத்துக்கொள்வார்களோ?
– ஒரு வாசகி, கேட்டி

அமெரிக்காவில் பத்துப் பேரில் ஏறக்குறைய நாலு பேர் துப்பாக்கி உள்ள வீட்டில் வசிப்பதாகக் கருத்துக்கணிப்புகள் சொல்கின்றன. ஆகவே இது அவர்களுக்குப் புதிய விஷயம் இல்லை. "முட்டை கொடுக்காதீர்கள், மாட்டிறைச்சி வேண்டாம், நாய் இருக்கிறதா" என்று நாம் கூசாமல் கேட்கிறோமே, அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் மெசேஜ் போதும்: "என் மகன் துருதுருவென்று எதையும் திறந்து பார்ப்பான். உங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்." இருக்கிறதா என்று விசாரிப்பதைவிட, பூட்டியிருக்கிறதா என்று கேட்டால் யாருக்கும் உறுத்தாது. பொறுப்பாக வைத்திருப்பவர்கள் சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள், சிலர் லாக்கரையே காட்டுவார்கள். காரிலும் கைப்பையிலும் வைப்பவர்கள் உண்டு, அதையும் சேர்த்துக் கேளுங்கள். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் கடைக்கு வந்த ஒரு தாய், தன் கைப்பைக்குள் 2 வயது மகன் கைவிட்டதில் துப்பாக்கி வெடித்து இறந்துபோனார்.

பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் பையனை உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். தோசை சுட்டுக் கொடுத்தால் அவனே அடுத்த வாரமும் வருவான்.

அம்மா, பேரனைப் பார்க்க ஆறு மாத விசாவில் தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கிறேன். மகன் வீட்டில் லாக்கரில் துப்பாக்கி இருக்கிறது. கல்லூரிக் காலத்தில் என்.சி.சி.யில் ரைபிள் சுட்டவன் நான். பேரனுக்கு 6 வயது, "தாத்தா, காட்டு" என்கிறான். முறையாகக் காட்டினால் ஆசை தீர்ந்துவிடும் அல்லவா?
– ஒரு தாத்தா, டல்லாஸ்

ஐயா, வேண்டாம். 6 வயதில் ஒருமுறை காட்டினால் ஆசை தீரும் என்று யாரும் உறுதி தர முடியாது. மேலும், உங்களைப் போல் சுற்றுலா விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க இந்நாட்டு மத்திய சட்டம் சில விதிவிலக்குகள் தவிர அனுமதிப்பதில்லை. லாக்கர் எண்ணை மகன் சொல்ல வந்தாலும் "எனக்கு வேண்டாம்பா" என்றுவிடுங்கள்.

பேரனிடம் என்.சி.சி. கதை தாராளமாகச் சொல்லலாம். பயிற்சித் திடலில் அனுமதி வரும்வரை விசையில் விரல் வைக்கக் கூடாது, குழலை ஆளுக்கு நேரே திருப்பக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். பகலில் நீங்களும் பாட்டியும்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால், லாக்கர் பூட்டியிருக்கிறதா என்று காலையில் மகனிடம் ஒரு வார்த்தை கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

பொட்டு வெடித் துப்பாக்கி, தண்ணீர்த் துப்பாக்கி எல்லாம் தடை செய்துவிடட்டுமா?
– ஒரு வாசகர், சான் ஆண்டோனியோ

தண்ணீர்த் துப்பாக்கியையுமா! விளையாடட்டும். நிஜம் போலவே கறுப்பாக இருப்பதை மட்டும் வாங்காதீர்கள். இங்கே விற்கும் பொம்மைகளின் முனையில் இருக்கும் ஆரஞ்சு நிறத்தைப் பிய்க்கவோ, மேலே பெயின்ட் அடிக்கவோ விடாதீர்கள். ஊரிலிருந்து மாமா பொட்டு வெடி கொண்டுவருவதாகச் சொன்னால், விமானத்தில் அதற்கு அனுமதி இல்லை என்று அவர் பெட்டி கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.